இரும்பு தந்த விடை

(பள்ளித் தமிழ்மன்றத்தில் ஆற்றிய உரை)



"அறிவியலைத் தமிழாற் சொல்ல இயலுமா?" என்று இன்றும் கேட்கின்றனர். இதற்கு முழக்கத்தால் விடையிறுத்தல் எளிது. யான் ஒரு கணக்கால் விடையிறுக்க விழைகின்றேன்.

வேதியியலாசிரியர் வாராத ஒருநாள், அவ்வகுப்பைத் தமிழாசிரியனாகிய யான் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. இரும்புத் துருவில் இரும்பின் உயிர்வளியேற்ற எண் யாதென வினவினேன். ஒரு மாணவன், "பிளசு திரீ" என்றான். எவ்வாறு என்றேன், விழித்தான். விடை அவன் நாவில் இருந்தது, நெஞ்சில் இல்லை.

தமிழில் தொடங்கினோம். இரும்பு ஓர் இடைநிலை மாழை. சேரும் சேர்மத்திற்கேற்ப அதன் எண் மாறும். உயிர்வளியோ இத்தகு சேர்மங்களில் இரண்டு மின்னணுக்களைத் தன்பால் ஈர்த்துக்கொண்டதாகக் கொள்ளப்பெறும். ஆதலின் அதற்கு எதிர் 2. மின்சுமையற்ற சேர்மத்தில் எல்லா எண்களையும் கூட்டினாற் சுழி வருதல் வேண்டும்.

துருவில், நீரை நீக்கிப் பார்த்தால், இரும்பணு 2, உயிர்வளியணு 3. உயிர்வளியின் பங்கு எதிர் 6. அதனை ஈடுசெய்ய இரண்டு இரும்பணுக்கட்கும் நேர் 6. ஒன்றற்கு நேர் 3.

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி எனப்பெறும் உப்பில் இரும்பு 1, கந்தகம் 1, உயிர்வளி 4. உடன் கூடிய நீர் தன்னளவிற் சுழியாதலின் கணக்கிற் சேராது. இவ்வுப்பிற் கந்தகத்திற்கு நேர் 6. உயிர்வளிக்கு எதிர் 8. குறைவது 2. ஆகவே இரும்பு நேர் 2.

அப்பொழுது, முன்பு விழித்த அம்மாணவனே எழுந்தான். "ஐயா, சேலத்துக் கஞ்சமலையிற் கிடைக்கும் காந்த இரும்புக் கல்லில் இரும்பு 3, உயிர்வளி 4. எட்டை மூன்றால் வகுத்தால் முழுஎண் வரவில்லையே?" என்றான். யான் திகைத்தேன். மறுநாள் வேதியியலாசிரியரை வினவித் தெளிந்தேன். வகுத்து வருவது நிரவல் எண்ணே. உண்மையில் மூன்று இரும்பணுக்களுள் ஒன்று நேர் 2, ஏனை இரண்டும் நேர் 3. கூட்டினால் 8.

அன்பர்களே! மனப்பாடம் செய்த மொழியில் அவன் விடை மட்டுமே சொன்னான். தாய்மொழியில் வினாவே எழுப்பினான். அறிவியல் வினாவிலன்றோ பிறக்கின்றது!

1875-ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்து மருத்துவர் கிரீன், வேதியியல் நூலைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். அதன் பின்னும் "இயலுமா?" என்பது நமக்கு இழிவு. தமிழ்ப் புலவர்களும் அறிவியல் கற்போம். அறிவியலாசிரியர்களும் தமிழிற் கற்பிக்க முன்வருக! மேடையில் மட்டும் வாழும் மொழி வாழாது. வகுப்பறையில் வாழ்வதே வாழும்!