ரேகைச் சட்டம்

செஞ்சியை அடுத்த வல்லத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில், மரக்காணத்து உப்பளங்கள் உள்ளன. கடற்கரை உப்பை மாட்டின்மேலும் கழுதைமேலும் ஏற்றி, உள்நாட்டு ஊர்களில் தானியத்துக்கு மாற்றி வந்தோர் குறவர். அவர் வரவை எதிர்நோக்கிய சிற்றூர்கள் பல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உப்பு வரியும் இருப்புப்பாதையும் அவ்வாணிகத்தை நலியச் செய்தன. நடந்த வழி அதுவே, நடந்தவரும் அவரே. சரக்கின்றி நடந்தமையால் சந்தேகத்துக்கு உரியவர் ஆயினர்!

1871-இல் வடபுலத்தில் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். பொருத்தமான பெயர்தான். இன்ன குலத்திற் பிறந்தான் என்பதொன்றே அதற்குப் போதும். அவன் கைரேகை பதித்தல் வேண்டும், ஊர்விட்டு ஊர் செல்லச் சீட்டுப் பெறுதல் வேண்டும். குடும்பங்களைக் காவலில் வைக்கக் குடியேற்றங்களும் எழுந்தன. தென்னார்க்காட்டு அஜீஸ் நகர் அவற்றுள் ஒன்று. 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் ரேகை பதிக்க மறுத்த கள்ளர்மீது துப்பாக்கி சுட்டது. மாயக்காள் என்னும் பெண்மணி உள்ளிட்ட பலர் மாண்டனர்.

1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடெங்கும் அச்சட்டம் நீங்கிற்று. பதிவேட்டில் அவர்கள் சீர்மரபினர் ஆயினர். ஊரில் ஒரு களவு நிகழ்ந்தால் முதலில் எவர் குடிசைக்கு ஆள் அனுப்புவது என்பதை மட்டும் ஊரார் இன்னும் பழைய ஏட்டைப் பார்த்தே முடிவு செய்கின்றனர்.