பழைய தோட்ட டிராக்டரும் முன்புற லோடரும்

(உழவர்கள், மகளிர் குழுவினர், பட்டறைத் தொழிலாளர் ஆகியோருக்காக நடந்த ஒருநாள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

தென்னந்தோப்புகளில் உழுவதற்கென்று 30 ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பெற்ற 18 குதிரைத்திறன் தோட்ட டிராக்டர்கள் நம் வட்டாரத்தில் பல உள்ளன. பெரிய டிராக்டர்கள் வந்தபின் இவை கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. இவற்றின் முன்னே ஒரு லோடரைப் பொருத்தி, எருவும் மண்ணும் அள்ளப் பயன்படுத்தலாமா என்று பலர் நம்மை வினவுகின்றனர். பயன்படுத்தலாம் என்பதே நம் விடை. ஆயினும், அந்த விடைக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதை நாம் ஒருமுறை கேட்கத் தவறினோம். அத்தவற்றின் விலையை வேறொருவர் கொடுக்க நேர்ந்தது.

நம் வட்டாரத்தின் ஓர் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று எருக்கூடம் நடத்தி வருகிறது. ஒரு டிரெய்லர் நிறைய எரு ஏற்ற ஆறு பெண்கள் அரை நாள் அன்னக்கூடை சுமக்கவேண்டும். அவ்வூர் இளைஞர்கள் இருவர் பழைய தோட்ட டிராக்டர் ஒன்றை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, பட்டறைக்காரர் ஒருவரின் உதவியால் லோடர் பொருத்தினர். பக்கெட் முதன்முறை எருவை அள்ளி உயர்ந்தபோது ஊரே கைதட்டியது. தேங்காய் உடைத்தவர் நாமே. சுய முயற்சிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு என்று பேசியவரும் நாமே. பின்புறம் என்ன எடை கட்டியிருக்கிறீர்கள் என்று மட்டும் நாம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், எருவுக்குப் பதிலாக ஈரமண்ணை அள்ளி, பக்கெட்டை உயரத் தூக்கியபடி, ஓட்டுநர் எருக்கூடத்துச் சரிவில் இறங்கினார். பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. பின் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன; வண்டி ஒருபுறம் சாய்ந்து கவிழ்ந்தது. ஓட்டுநர் குதித்துத் தப்பினார். அருகே நின்ற குழு உறுப்பினர் ஒருவரின் பாதம் நசுங்கியது. அவர் மீண்டும் நன்றாக நடக்க ஏழு மாதங்கள் ஆயின.

இதற்குக் காரணம் யாது? இயந்திரத்தின் பழமையன்று, இளைஞர்களின் அலட்சியமும் அன்று. இழுப்பதற்கென்று அமைத்த வண்டியைச் சுமப்பதற்கு மாற்றினோம். எடைக்கணக்கை மட்டும் மாற்றாமல் விட்டோம். கலப்பையை இழுக்கும் டிராக்டரில் பாரமெல்லாம் பின் அச்சில் விழும். ஆகையால் பின் அச்சைப் பருமனாகவும் முன் அச்சை மெல்லியதாகவும் அமைக்கின்றனர். லோடரோ முழுப் பாரத்தையும் முன்னே கொண்டுவந்து வைக்கிறது.

கணக்குக்காக, 800 கிலோ எடையுள்ள ஒரு சிறு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். முன் அச்சில் 320 கிலோ, பின் அச்சில் 480 கிலோ நிற்கட்டும். இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 1.4 மீட்டர். முன் அச்சுக்கு 1 மீட்டர் முன்னே, பக்கெட்டும் மண்ணுமாக 200 கிலோ தொங்குவதாகக் கொள்வோம். முன் அச்சில் கூடுவது 200 கிலோ மட்டுமன்று. நெம்புகோலைப்போல் அது பின்புறத்திலிருந்து 143 கிலோவைத் தூக்கி முன்னே போடும். முன் அச்சின் பாரம் 663 கிலோவாகிறது. முன்பு இருந்ததைப்போல் இருமடங்குக்கும் மேல். பின் அச்சிலோ 337 கிலோவே எஞ்சும்.

இத்தகைய சிறு டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. பின்புறம் இலேசானால் பிரேக்கும் பிடிக்காது. மேலும், முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஊசலாடும்படி அமைந்துள்ளது. மேடுபள்ளத்துக்கு அது ஏற்றது. ஆனால் பக்கவாட்டில் வண்டி சாயும்போது முன் சக்கரங்கள் தாங்கமாட்டா. உயரத் தூக்கிய பாரம், சரிவு, இலேசான பின்புறம் ஆகிய மூன்றும் கூடியதே அன்றைய விபத்து.

பழைய வண்டிக்கு அவ்வளவு தூக்க வலிமை ஏது என்று சிலர் கேட்பர். 5 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள ஹைட்ராலிக் சிலிண்டர் ஒன்றில், சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தால், அது ஏறக்குறைய 1,960 கிலோ விசையுடன் தள்ளும். இருபுறமும் இரண்டு சிலிண்டர்கள் உள்ளன. கைகளின் நீளத்தால் பக்கெட்டில் கிடைக்கும் விசை வெகுவாகக் குறையும் என்பது உண்மை. எனினும் தூக்காமற் போகுமோ என்று கவலைப்படவேண்டா. வண்டி தாங்கக்கூடியதற்கு மேல் தூக்கிவிடுமே என்பதே நம் கவலையாக இருக்கவேண்டும். ஆதலால் எண்ணெய் அழுத்தத்தை வரம்புக்குள் நிறுத்தும் ரிலீஃப் வால்வு இன்றி எந்த லோடரும் இயங்கலாகாது.

அதே குழு, அதே டிராக்டரை, தக்க பொறியாளரின் யோசனையுடன் மீண்டும் அமைத்தது. அம்முறையைப் பட்டறை நண்பர்கள் கவனிக்க வேண்டுகிறோம். முதல் அமைப்பில் லோடரின் தூண்களை முன் அச்சின் அருகே வெல்டிங் செய்திருந்தனர். வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் நிலைத்து நிற்பதில்லை. இரண்டாம் அமைப்பில், வண்டியின் இருபுறமும் முன்னிருந்து பின் அச்சுக்கூடு வரை ஓடும் இரும்புச் சட்டம் ஒன்று செய்து, தலையில் 8.8 எனப் பொறித்த வலுவான போல்ட்டுகளால் இறுக்கினர். தூண்கள் அச்சட்டத்தின்மீது நிற்கின்றன. அள்ளும்போதும் முட்டும்போதும் எழும் அதிர்ச்சியை இப்போது பருமனான பின்பகுதியும் ஏற்றுக்கொள்கிறது. போல்ட்டைக் கழற்றினால் லோடர் தனியே வந்துவிடும்.

பின்னர் எதிர்ச்சுமை. 200 லிட்டர் எண்ணெய் பீப்பாயில் ஐந்தில் இரண்டு பங்கு கான்கிரீட் நிரப்பினால் ஏறக்குறைய 200 கிலோ எடை கிடைக்கும். அதைப் பின்புற மும்முனை இணைப்பில், பின் அச்சுக்கு 70 சென்டிமீட்டர் பின்னே தொங்கவிட்டனர். நம் கணக்கில் இது முன் அச்சிலிருந்து 100 கிலோவைக் குறைத்து, பின் அச்சுக்கு 300 கிலோவைக் கூட்டும். முன்னே 563, பின்னே 637 என்று வண்டி நிலைகொள்ளும். எனினும் முன் அச்சின் பாரம் பழைய அளவைவிட மிகுதியே. ஆகவே அச்சு முளை, தாங்கிகள், டயர் ஆகியவற்றை மாதந்தோறும் சோதிக்கவேண்டும்.

பக்கெட்டின் அளவும் முக்கியமானது. 100 லிட்டர் கொள்ளும் பக்கெட்டில் மக்கிய எரு சுமார் 60 கிலோ நிற்கும். அதே பக்கெட்டில் மண் 150 கிலோவைத் தாண்டும். ஈரமணல் 190 கிலோவை எட்டும். கண்ணுக்கு அளவு ஒன்றே. அச்சுக்கு அது மும்மடங்கு. எருவுக்கென்று செய்த பக்கெட்டில் மணல் அள்ளுவது கூடாது.

ஓட்டுவோர் நினைவில் நிறுத்தவேண்டிய விதிகள் சில. பாரத்தைத் தரையை ஒட்டியே கொண்டுசெல்க. கொட்டும் இடத்தில் மட்டுமே உயர்த்துக. சரிவில் குறுக்கே செல்லற்க. தூக்கிய பக்கெட்டின் கீழோ, வண்டியின் அருகிலோ ஒருவரும் நிற்கலாகாது. இருக்கையை விட்டு இறங்குமுன் பக்கெட்டைத் தரையில் வைத்துவிடுக. எண்ணெய்க் குழாயில் ஊசித்துளைபோன்ற கசிவு இருந்தால் கையால் தடவிப் பார்க்கலாகாது. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். அட்டைத் துண்டைக் காட்டிச் சோதிக்கவேண்டும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றுவதை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே பட்டறைக்குச் செல்லுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிக. வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளரிடமும் வரைபடத்தைக் காட்டி யோசனை பெறுக.

பட்டறை நண்பர்களுக்குத் தனியே ஒரு சொல். மண் அள்ளும் இயந்திரத்தையெல்லாம் நாம் ஜேசிபி என்கிறோம். அது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவரின் பெயர் எழுத்துகள். 1945-இல் இங்கிலாந்தின் உட்டாக்ஸிட்டர் என்னும் சிறுநகரில், வாடகைக் கொட்டகை ஒன்றில், பழைய வெல்டிங் சாதனத்தைக்கொண்டு டிரெய்லர் செய்து அவர் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள், ஃபோர்ட்சன் மேஜர் என்னும் உழவு டிராக்டரில் பொருத்தும் லோடரைச் செய்தளித்தார். சிறு பட்டறையில் பெரிய காரியம் நிகழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. கைத்திறன் உங்களிடம் உள்ளது. அதனோடு எடைக்கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

இயந்திரம் வந்தால் கூலி போகுமே என்ற அச்சமும் இங்கு எழுந்தது. அக்குழுவில் டிராக்டர் குழுவின் உடைமை. சுமை தூக்கிய பெண்கள் இன்று எருவைச் சலித்து மூட்டை கட்டுகின்றனர். விற்பனை வருவாயில் அவர்களுக்குப் பங்கு உண்டு. இயந்திரம் யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததே அதன் நன்மை.

காலில் அடிபட்ட அம்மையார் இன்று இக்கூட்டத்துக்கு வந்துள்ளார். டிராக்டரின் சாவி இப்போது அவரிடமே இருக்கிறது. கான்கிரீட் பீப்பாய் பின்னே மாட்டியிருப்பதைப் பார்த்த பின்னரே அவர் சாவியைக் கொடுக்கிறார். நாம் தேங்காய் உடைத்த நாளில் கேட்கத் தவறிய கேள்வியை அவர் நாள்தோறும் கேட்கிறார். உங்கள் ஊரிலும் அக்கேள்வியை முதலில் கேளுங்கள். தேங்காயைப் பிறகு உடைக்கலாம்.