சட்டசபை அபேட்சகரும் நியமனப் பத்திரமும்



சென்னை ஜில்லாவில் சட்டசபைத் தொகுதிகள் 16 உள. அவற்றில் அபேட்சகராய் நிற்க விழைவோர் 25 வயது நிரம்பியவராதல் வேண்டும். 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற கட்சியினரை அத்தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தாற் போதும். சுயேச்சையாளர்க்கோ பதின்மர் வேண்டும். காப்புத்தொகை ரூ.10,000, பட்டியல் வகுப்பினர்க்கு அதிற் பாதி. தோற்றவருள், செல்லத்தக்க வாக்குகளில் ஆறிலொரு பங்குக்கு மேற் பெறாதார் அத்தொகையை இழப்பர்.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு என்பீர்களாயின், 1996இல் மொடக்குறிச்சி என்னும் ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டமையை நினைவுகூர்மின். 250 ரூபாயாயிருந்த காப்புத்தொகை அவ்வாண்டிலேயே 5,000 ஆக்கப்பட்டது. பின்னரே இன்றைய அளவாயிற்று.

ஆயினும், பணத்தினும் பெரிது பிரமாணப் பத்திரமேயாம். சொத்து, கடன், கல்வி, தம்மீதுள்ள குற்ற வழக்குகள் ஆகிய யாவும் அதிற் கூறப்படல் வேண்டும். நினைவூட்டிய பின்னும் இடங்களை வெறுமையாக விடுவாராயின், அவர் மனுவைத் தள்ளலாமென உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது.

அன்பர்காள்! அப்பத்திரம் எவரும் பார்த்தற்குரியது. நம்மவர் ஒருவர் நிற்கின்றார் என்ற அளவிலே மகிழ்ந்து வாக்களித்தல் அறிவுடைமையன்று. சாதியின் பேரால் அபேட்சகர் வாக்குக் கேட்பின், அச்சட்டத்தின் 123ஆம் பிரிவு அவர் பெற்ற வெற்றியையே அழிக்கவல்லது. ஆதலின், நம்மவராயினும் பிறராயினும், முதலில் அவரது பத்திரத்தை வாசிப்போமாக. பின்னரே வாக்கினை அளிப்போமாக.