ஆசிரியரும் வேடம் போட்டால்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 14 வயதில் கம்பளி ஆலை வேலைக்குப் போனவர் டோரதி ஹெத்கோட். பின்னாளில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நாடகக் கல்வி கற்பித்தார். அவர் வழியில் மேடையும் இல்லை, மனப்பாட வசனமும் இல்லை. ஆசிரியரே உதவி கேட்டு வரும் ஒரு பாத்திரமாகிவிடுவார். பிள்ளைகள்தான் விவரம் தெரிந்தவர்கள்.

ஊருக்குள் வெள்ளம் வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரை முதலில் படகில் ஏற்றுவது? பிள்ளைகள் வாதாட வேண்டும், அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும், புதிதாக ஒரு வழி யோசிக்க வேண்டும். வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பாட்டியாக நடிக்கிற சிறுமிக்கு, அந்தப் பாட்டியின் பயம் உள்ளிருந்தே புரிகிறது. எந்தப் பாடப்புத்தகமும் இதைத் தராது.

ஆண்டு விழாவோடு நாடகத்தை நிறுத்திவிடும் பள்ளிகள் வாரம் ஒரு பீரியடை இதற்குக் கொடுக்கலாமே! பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிப்போட்டால் போதும்.