பனிக்கட்டிப் பாதையில் ஒரு புரியாணி

மலைச்சரிவொன்றிலே வாய்க்காலைப் போல நீண்டு வளைந்து இறங்குகின்றது ஒரு பாதை. அதன் தளமும் பனிக்கட்டி. வளைவுகளில் மதிலென உயர்ந்து நிற்கும் சுவரும் பனிக்கட்டி. அதன்மேல் உருக்குச் சறுக்குச் சட்டங்கள் பொருத்திய வண்டியொன்று மணிக்கு நூற்றிருபது, சில இடங்களில் நூற்றைம்பது கிலோமீற்றர் வேகத்திற் பாய்ந்து செல்கின்றது. அதற்கு எந்திரமும் இல்லை, இழுத்துச் செல்ல விலங்கும் இல்லை. பூமியின் ஈர்ப்பு ஒன்றே அதனைச் செலுத்தும் விசை. ஐரோப்பாவின் குளிர்நாடுகளிலே தோன்றிய இவ்விளையாட்டுக்குப் பொப்சிலே என்று பெயர்.

இருவர் அல்லது நால்வர் வண்டியை ஏறத்தாழ ஐம்பது மீற்றர் தூரம் தள்ளிக்கொண்டு ஓடி, ஒருவர்பின் ஒருவராய் அதனுள் தாவி அமர்வர். முன்னிருப்பவர் இரு கயிறுகளைப் பிடித்து முன்சட்டங்களைத் திருப்புவார். கடைசியில் இருப்பவரிடம் தடை இருக்கும். ஆயினும் எல்லைக்கோட்டைக் கடந்த பின்னரே அதனைப் பயன்படுத்துவார். ஸ்கெலிற்றன் என்பதோ இதனினும் துணிச்சல் வேண்டுவது. வெறும் எலும்புக்கூடு போன்ற சட்டத்தின்மேல் ஒருவர் குப்புறப் படுத்து, தலை முன்னாக இறங்குவார். திருப்பும் கயிறும் இல்லை, தடையும் இல்லை. தோளையும் முழங்காலையும் சற்றே அழுத்தித்தான் திசை மாற்றவேண்டும். முகவாய்க்கும் பனிக்கட்டிக்கும் இடையே உள்ள தூரத்தை விரற்கடையால் அளந்துவிடலாம்!

இவ்விளையாட்டுக்கான சர்வதேசச் சம்மேளனம் 1923 இல் அமைந்தது. முதலாவது உலகப் போட்டி 1930 இல் சுவிற்சர்லாந்தின் கோ என்னும் மலையூரில் நடைபெற்றது. அன்று நால்வர் வண்டிப் போட்டி மாத்திரமே, வென்றது இத்தாலி. மறு ஆண்டு இருவர் போட்டியும் சேர்ந்தது. ஸ்கெலிற்றன் 1928, 1948 ஆகிய ஈராண்டுகளிலும் சென் மொறிற்ஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டாக இடம்பெற்று, பின்னர் 2002 வரை அந்த மேடைக்குத் திரும்பவேயில்லை. பெண்கள் உலகப் போட்டியிற் கலந்துகொள்வதற்கு 2000 ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. இத்துணை காலம் அவர்களைத் தடுத்து வைத்தமைக்குத் தக்க காரணம் எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை.

ஈர்ப்பு விசையே செலுத்துவதால் பாரம் மிகுந்த வண்டிக்கு அனுகூலம் உண்டு. 1952 இல் ஒஸ்லோ ஒலிம்பிக்கில் வென்ற ஜேர்மானியர் நால்வரின் உடல் எடை மொத்தம் 472 கிலோகிராம். பருத்தவனே வெல்வான் என்றால் அது விளையாட்டாகுமா? அதன் பின்னர் எடைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. அன்று தொட்டு, தள்ளி ஓடும் கால்களின் விரைவும் வளைவுகளிலே கயிற்றைப் பிடிக்கும் கைகளின் நிதானமுமே வெற்றியைத் தீர்மானிப்பனவாயின.

அத்தகைய நிதானம் படைத்தவர் இத்தாலியரான எயுஜெனியோ மொன்ரி. 1928 இல் பிறந்த அவர் முதலில் பனிச்சறுக்கு வீரர். 1951 இல் முழங்காலிற் பட்ட காயங்கள் அவரை அத்துறையிலிருந்து விலக்கவே, பொப்சிலேக்கு வந்தார். 1957 முதல் 1961 வரை இருவர் வண்டியில் ஆண்டுதோறும் அவரே உலகச் சாம்பியன். ஆனால் ஒலிம்பிக் தங்கம் மாத்திரம் கைக்கு எட்டவில்லை. 1956 இற் கிடைத்தவை இரண்டு வெள்ளிகள். 1960 இல், தம் ஆற்றல் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்காவின் ஸ்குவா வலியில் வண்டிப் பாதையே அமைக்கப்படவில்லை. எனவே 1964 இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக்குக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. இனியும் காத்திருக்கக் காலம் இல்லை என்றே பலரும் எண்ணினர்.

அங்கே பிரித்தானியாவின் ரொனி நாஷ், றொபின் டிக்சன் ஆகிய இருவரின் வண்டியில், பின் அச்சைத் தாங்கும் புரியாணியொன்று முறிந்துபோயிற்று. மாற்றாணி அவர்களிடம் இல்லை. போட்டி நடந்துகொண்டிருந்தது. அஃதில்லையேல் அவர்கள் விலகவேண்டியதுதான். செய்தி அறிந்த மொன்ரி, தமது ஓட்டத்தை முடித்ததும் தம் வண்டியிலிருந்த புரியாணியையே கழற்றி அவர்களுக்குக் கொடுக்கச் செய்தார். நான்கு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்தபொழுது நாஷும் டிக்சனும் முதலிடம். இரண்டாமிடம் பெற்ற இத்தாலியர் சேர்ஜியோ சார்டீனி குழுவினருக்கும் அவர்களுக்கும் இடையே இருந்தது ஒரு செக்கனின் நூறிற் பன்னிரண்டு பங்கு. மொன்ரிக்கு மூன்றாமிடம். அதே விளையாட்டிலே கனடாவின் நால்வர் வண்டியின் அச்சுப் பழுதுபட்டபோதும் மொன்ரியும் அவருடைய கம்மியர்களும் சென்று அதனைத் திருத்திக் கொடுத்தனர். கனடா தங்கம் பெற்றது. மொன்ரிக்கு மீண்டும் மூன்றாமிடம்.

இத்தாலியப் பத்திரிகைகளிற் கண்டனங்கள் எழுந்தன. தம் நாட்டின் தங்கத்தைத் தாமே பிறருக்கு வழங்கிவிட்டார் என்று குறை கூறினர். நாஷ் வென்றது தாம் கொடுத்த ஆணியினால் அன்று, அவர் மிக விரைந்து ஓட்டியதனாலேயே என்பதுதான் மொன்ரியின் மறுமொழி. அந்த மறுமொழி உண்மையும் ஆகும். அடுத்த ஆண்டு, 1965 இல், சென் மொறிற்சில் நடந்த உலகப் போட்டியிலும் நாஷும் டிக்சனுமே வாகை சூடினர். அங்கே எவருடைய இரவல் ஆணியும் இருக்கவில்லை. மொன்ரிக்கு 1964 இல் கூபேர்த்தன் பதக்கம் அளிக்கப்பட்டது. விளையாட்டுப் பண்புக்கான அப்பதக்கத்தை முதன்முதற் பெற்றவர் அவரே.

1966 இவ்விளையாட்டுக்குக் கொடிய ஆண்டு. மொன்ரி மீண்டும் இருவர் போட்டியில் வென்ற கோர்ட்டினா உலகப் போட்டியிலே, மேற்கு ஜேர்மனியின் ரொனி பென்ஸ்பேர்கர் வண்டி விபத்தில் உயிரிழந்தார். நால்வர் போட்டி கைவிடப்பட்டது. சில வாரங்களில் அமெரிக்காவின் லேக் பிளாசிட் பாதையில் சார்டீனியும் மாண்டார். இன்ஸ்புறுக்கில் வெள்ளி பெற்ற அதே சார்டீனி.

இத்தனைக்கும் பின், நாற்பதாம் வயதில், 1968 இல் மொன்ரி கிரெனோபிள் ஒலிம்பிக்குக்கு வந்தார். இருவர் போட்டியில் நான்கு ஓட்டங்களும் முடிந்தபோது அவருடைய மொத்த நேரமும் மேற்கு ஜேர்மனியின் ஹோர்ஸ்ற் புளோத்தின் மொத்த நேரமும் நூறில் ஒரு பங்கு பிசகாமல் ஒன்றாயிருந்தன. தனி ஓட்டங்களுள் மிக விரைவானது யாருடையதோ அவருக்கே தங்கம் என்று முடிவாயிற்று. அவ்வோட்டம் மொன்ரியினுடையது. பிற்காலத்தில் அவ்விதி மாறியது: 1998 இலும் 2018 இலும் நேரம் ஒத்திருந்த இரு குழுவினருக்கும் தங்கம் பகிர்ந்தளிக்கப்பட்டது. இந்த ஏற்பாடே நேர்மையானது. புளோத்துக்குத்தான் அது காலந்தாழ்த்தி வந்தது.

நால்வர் போட்டியிலும் வென்று, இரு தங்கங்களுடன் மொன்ரி ஓய்வு பெற்றார். உலகப் போட்டிகளில் அவர் வென்ற பட்டங்கள் ஒன்பது. அவ்வெண்ணிக்கையை ஜேர்மனியின் பிரான்செஸ்கோ பிறீட்றிக் அண்மைக் காலத்தில் கடந்துவிட்டார். 2003 இல் மொன்ரி காலமானார். கோர்ட்டினா நகரின் பனிக்கட்டிப் பாதைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.