கால்கள் உறங்காத இரவு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வடமாலபேட்டையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கொரு முறை கூடும் இம்மேடையில் வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் அறிஞர்கள் பேசினார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராய்க் காலந்தள்ளும் நான் காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆயினும் இரவு பதினொரு மணிக்குமேல் படுக்கையை விட்டெழுந்து வாசலில் உலாவுகிறவர்கள் நம் காலனியில் இருவரேனும் உண்டு. நானும் உலாவுகிறவன் ஆதலால் அவர்களை எதிரே காண்கிறேன்.

இது வலியன்று, எரிச்சலும் அன்று. முழங்காலுக்குக் கீழே, உள்ளே எங்கோ எறும்பு ஊர்வது போன்றதோர் உளைவு. காலை அசைத்தே தீரவேண்டும் என்று உள்ளிருந்து ஒரு கட்டளை பிறக்கும். எழுந்து நடந்தால் அடங்கும். படுத்தால் திரும்பி வரும். பகலில் பெரும்பாலும் தலைகாட்டாது. மாலை மயங்கியதும் தொடங்கும். நாம் இதனைக் கால் குடைச்சல் என்போம். அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மாள் "காள்ளு லாகுதுன்னாயி" என்பார். கால் இழுக்கிறதாம். எனக்கு அச்சொல்லே பொருத்தமாகப் படுகிறது.

என் தாயாருக்கு இது இருந்தது. எங்களுக்கோ ஒரே அறை. நான் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாள்களில், நள்ளிரவில் அவர் வாசற்படியிலிருந்து துளசி மாடம் வரைக்கும் நடப்பார், திரும்புவார், மீண்டும் நடப்பார். காலில் இருந்த மெட்டி தரையில் தட்டித் தட்டி ஒலிக்கும். ஓரிரவு பொறுக்கமாட்டாமல், "உனக்கென்ன பேயா பிடித்திருக்கிறது? ஓரிடத்தில் படு அம்மா" என்று இரைந்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, ஓசையின்றி நடந்தார்.

நம் பக்கத்தில் கால் என்றவுடன் புத்தூர்க் கட்டுதான் நினைவுக்கு வரும். மூங்கிற் பத்தையும் பச்சிலையும் வைத்து முறிந்த எலும்பைக் கட்டுவதில் பெயர்பெற்ற இடம் பக்கத்திலேயே இருக்க, தந்தையார் அவரை அங்கே அழைத்துச் சென்றார். எலும்பில் குறையொன்றும் இல்லை என்று சொல்லித் திருப்பியனுப்பினார் கட்டுக்காரப் பெரியவர். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நோய் எலும்பிலும் இல்லை, தசையிலும் இல்லை; மூளையில் இருக்கிறது. இது எனக்குத் தெரியவந்தபோது தாயார் உயிரோடு இல்லை.

தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1672ஆம் ஆண்டிலேயே இத்துன்பத்தை எழுதிவைத்தார். பின்னர் 1945இல் சுவீடன் நாட்டு எக்பாம் என்பவர் இதனை ஆராய்ந்து ஒரு தனி நோயாக நிலைநாட்டினார். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்பது இன்றைய மருத்துவப் பெயர். உடலின் அசைவை ஒழுங்குசெய்யும் டோப்பமின் என்னும் பொருள் மூளையில் உண்டாவதற்கு இரும்புச் சத்து வேண்டும். அச்சத்து மூளைக்குப் போதிய அளவு எட்டாதபோது அவ்வொழுங்கு கெடுகிறது என்பதே இன்று பலரும் கொள்ளும் விளக்கம். பல குடும்பங்களில் இது வழிவழியாக வருவதும் உண்டு. கருவுற்ற தாய்மாரிடம் கடைசி மூன்று மாதங்களில் மிகுதியாகக் காணப்பட்டுப் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுக்குப் பின் நீங்கிவிடும். சிறுநீரகம் பழுதுற்றோரையும் இது வாட்டுவதுண்டு.

இரும்புச் சத்து என்றேன். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். சோகை உடையோர் எல்லாருக்கும் கால் இழுக்கும் என்பதில்லை. ஆயினும் ஐந்து பிள்ளைகளைப் பெற்று, எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்ட என் தாயாரை நினைக்கையில் நெஞ்சு ஒரு கணக்குப் போடுகிறது. சோதித்துப் பார்த்தவர் இல்லை. ஆகவே உறுதியாகச் சொல்லமாட்டேன்.

எனக்கு நாற்பத்திரண்டாம் வயதில் தொடங்கிற்று. இரவெல்லாம் விழித்துவிட்டு மறுநாள் பதிவேட்டில் ஒரே தொகையை இருமுறை எழுதினேன். அதிகாரியிடம் கால் இழுக்கிறது என்று காரணம் சொல்ல முடியுமா? ஒரு மழைக்காலத்தில் ஜலதோஷத்திற்காகக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கினேன். தூக்கம் தரும் என்றார்கள். அன்றிரவு கால்கள் முன்னிலும் மூன்று மடங்கு ஆடின. தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மாத்திரைகளும், சில வாந்தி மருந்துகளும், மனச்சோர்வு மருந்துகள் சிலவும் இதனை மிகுவிக்கும் என்று பின்னரே அறிந்தேன்.

திருப்பதியில் ஒரு மருத்துவர் நான் சொன்னதை முழுதும் கேட்டார். ஃபெரிட்டின் என்னும் சோதனை எழுதினார். உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பை அது காட்டும். என் ஹீமோகுளோபின் 13.4, குறையொன்றும் இல்லை. ஃபெரிட்டினோ 22தான். கால் இழுப்போர்க்கு அது 75க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது மருத்துவர் கணக்கு. ஆண்பிள்ளைக்கு இரும்பு எங்கே போயிற்று என்று அடுத்து வினவினார். பல ஆண்டுகளாக மூலத்தில் இரத்தம் கசிவதை வெட்கத்தால் மறைத்திருந்தேன். அன்றுதான் வாய் திறந்தேன். அதற்கும் மருத்துவம் நடந்தது.

இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு வெறும் வயிற்றில் உண்டேன். தேநீரும் காப்பியும் இரும்பை உடலில் சேரவிடா; ஆகவே காலைக் காப்பியை ஒரு மணிநேரம் தள்ளிவைத்தேன். இதுவே பெரிய தவம். மாலைக் காப்பியை அறவே விட்டேன். மூன்று மாதம் சென்றபின் வாரத்தில் நான்கு இரவு உறங்கினேன். நோய் முற்றும் அகலவில்லை. நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், மிகுந்தாலும் கேடு செய்யும், சோதித்தே உண்ணவேண்டும்.

டோப்பமினை ஒத்த மருந்துகளும் உண்டு. முதலில் அற்புதமாக வேலை செய்யும். ஆண்டுகள் செல்லச் சிலருக்கு அவையே நோயை வளர்த்துவிடும். 2025இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகள் அவற்றை வழக்கமாகக் கொடுப்பதை விலக்கி, இரும்பையும் காபாபென்டின் வகை மருந்துகளையும் முன்வைக்கின்றன. அவற்றை ஏற்கெனவே உண்போர் திடீரென்று நிறுத்தலாகாது. மருத்துவரைக் கேட்டே குறைக்கவேண்டும்.

இழுக்கும் இரவுகளில் நான் செய்வன சொற்பம். வெந்நீரில் காலை வைத்து, கெண்டைக்காலைத் தேய்ப்பேன். இரயிலில் போனால் நடைவழி ஓரத்து இருக்கை கேட்பேன். மனத்திற்கு ஒரு வேலை கொடுத்தால் கால் சற்று மறந்துவிடுகிறது. நம் பாதையில் வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை என்றொரு நிலையம் இருக்கிறதன்றோ? அப்பெயரைக் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துக்கு வருவேன். பாதியில் தவறினால் மறுபடியும் தொடங்குவேன். இரயில்வேக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து வேறென்ன?

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "அப்பா, இராத்திரியில் கால் என்னவோ செய்கிறது" என்றாள். வளரும் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள் என் மனைவி. நான் அவளை அமரச் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். இருவரும் தெருக்கோடி வரை நடந்தோம். அவளுக்கும் ஃபெரிட்டின் சோதனை எழுதியிருக்கிறார்கள். முடிவு வரும் வெள்ளிக்கிழமை தெரியும். அதுவரை இரவில் எங்கள் வாசலில் இருவர் நடமாடக் கண்டால் நாய்களை ஏவாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.