கூலியும் மதிப்பூதியமும்

(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஒரு பொருள் குறித்த பல சொற்களைப் பள்ளியிலே மனப்பாடம் செய்தோம். பொருள் ஒன்றானாலும் அவற்றின் எடை ஒன்றல்ல. இதைத் தொல்காப்பியரே சொல்லிவிட்டார். ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றைக் கேட்கிற சொற்கள்தாம். தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவன் 'ஈ' என்பான். ஒத்தவன் 'தா' என்பான். உயர்ந்தவன் 'கொடு' என்பான். கேட்கிறவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இன்றைக்கும் அப்படித்தானே? உழைப்புக்குத் தருகிற பணத்தையே பாருங்கள். களை எடுத்த அம்மாவுக்குக் கொடுத்தால் கூலி. அலுவலகத்தில் மாதம் பிறந்தால் சம்பளம். அதையே அரசாணையில் எழுதினால் ஊதியம். டாக்டர் வாங்கினால் ஃபீஸ். புரோகிதருக்கு என்றால் தட்சிணை. வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத் தருவோம். டாக்டரிடம் போய், "உங்க கூலி எவ்வளவுங்க?" என்று கேட்டுப் பாருங்களேன்! களை எடுத்த அம்மாவிடம் மட்டும் கூசாமல் கேட்கிறோம்.

சரி, உயர்வாக ஒலிக்கிற சொல்லாகப் போட்டுவிட்டால் போதுமா? போதாது. 'மதிப்பூதியம்' எவ்வளவு அழகான சொல்! அங்கன்வாடி ஊழியர்களுக்குத் தரும் பணத்துக்கு அதுதான் பெயர். பெயரில் மதிப்பு இருக்கிறது. ஆனால், 'இது ஊதியமே அல்ல; ஆகவே வேலையிலிருந்து ஓயும்போது பணிக்கொடை கிடையாது' என்ற வாதம் குஜராத்தில் எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மதிப்பூதியமும் 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் சொல்லும் ஊதியத்தில் அடங்கும், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பல பெண்களின் வயதான காலத்துச் சோறு ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு கிடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம்மில் பலர் இன்று ஆணை எழுதுகிற இடத்தில், சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறோம். தம்பி தங்கைகளும் நாளை அங்கே வருவீர்கள். அப்போது இரண்டே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னால் எனக்கு உறுத்துமா? இந்தச் சொல்லால் அவருக்குச் சேர வேண்டியது ஏதாவது குறைந்துபோகிறதா? அகராதியில் இதற்கு விடை இல்லை. நாம்தான் பார்த்து எழுத வேண்டும்.